இணைப்பு ரயில் நமக்காக நிற்குமா? ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய கணக்கு

ஒரு ரயிலில் வந்து, இன்னொரு ரயிலைப் பிடிக்க வேண்டும். இடையில் ஒரு மணி நேரம் இருக்கிறது, போதும் என்று நினைத்துத்தான் டிக்கெட் போட்டிருப்பார்கள். ஆனால் முதல் ரயில் அவுட்டரில் 20 நிமிடம், அடுத்த சிக்னலில் 15 நிமிடம் என நின்று நின்று வருகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடிப்போய்ப் பார்த்தால், அடுத்த நடைமேடையில் கார்டு பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது.

‘ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தி வெச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?’

ரயில் நிலையங்களில் தினமும் கேட்கும் கேள்வி இது. தாமதமானது பயணியால் அல்ல, ரயில்வேயால். அப்படியிருக்க, அதே ரயில்வேயின் அடுத்த ரயில் ஏன் காத்திருக்கக் கூடாது? நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இரக்கத்தைப் பொறுத்தது கிடையாது. அதற்கென ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் போடுகிறது.

ஹவுராவில் ஒரு கல்யாணக் கோஷ்டி

2024 நவம்பரில் மும்பையிலிருந்து குவாஹாட்டிக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி கிளம்பியது. மாப்பிள்ளையுடன் சேர்த்து 30-க்கும் மேற்பட்டோர். மும்பையிலிருந்து கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் ஹவுரா. அங்கிருந்து சராய்காட் எக்ஸ்பிரஸில் குவாஹாட்டி என்பது திட்டம். கீதாஞ்சலி பல மணி நேரம் தாமதமானது. சராய்காட் போய்விட்டால் முகூர்த்தமே தவறிவிடும் என்ற நிலையில், ரயில்வே அமைச்சருக்குச் சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போனது.

ரயில்வே இறங்கி வேலை செய்தது. ஹவுராவில் சராய்காட் எக்ஸ்பிரஸ் சில நிமிடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஹவுரா நிலையத்தில் பழைய வளாகம், புதிய வளாகம் என இரண்டு பகுதிகள் உண்டு. கோஷ்டியினர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாகச் செல்ல ஊழியர்கள் வழி ஏற்படுத்திக் கொடுத்தார்கள். ரயிலைப் பிடித்துவிட்டார்கள்.

2022-ல் குஜராத்தில் இன்னொரு சம்பவம். மழையில் தண்டவாளம் அரிக்கப்பட்டு, ஏக்தா நகரிலிருந்து வதோதரா செல்லும் ரயில் ரத்தானது. வதோதராவில் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டிய ஐஐடி மெட்ராஸ் மாணவர் ஒருவருக்கு, ரயில்வே ஊழியர்களே வாடகை கார் ஏற்பாடு செய்து அனுப்பிவைத்தார்கள். அவர் சென்னை ரயிலில் ஏறினார்.

இரண்டுமே பாராட்ட வேண்டிய செயல்கள். ஆனால், இவை செய்தியானதற்குக் காரணமே, எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதுதான். பதிவு போடத் தெரியாதவர், போட்டும் யார் கண்ணிலும் படாதவர், தனியாக வந்த ஒற்றைப் பயணி ஆகியோருக்கு என்ன வழி?

நிறுத்தி வைப்பது யார் கையில் இருக்கிறது?

பலரும் நினைப்பதுபோல, ஸ்டேஷன் மாஸ்டர் மனசு வைத்தால் எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுவிடாது. லோகோ பைலட்டும் கார்டும் முடிவெடுக்கும் விஷயமும் இல்லை. ஒவ்வொரு ரயில்வே கோட்டத்துக்கும் ஒரு கன்ட்ரோல் அறை உண்டு. எந்தப் பாதையில், எந்த ரயில், எப்போது, எதற்குப் பின்னால் போகிறது என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அங்கே இருக்கும் கன்ட்ரோலர்கள்தான். நிலையத்திலிருந்து கோரிக்கை அங்கே போக வேண்டும். அனுமதி அங்கிருந்து வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாமதமாக வரும் ரயிலில் எத்தனை பேர் அடுத்த ரயிலுக்கு மாறப்போகிறார்கள் என்பது கன்ட்ரோலருக்குத் தெரிந்தால்தான் அவர் எதையும் முடிவு செய்ய முடியும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தவர், ரயில்வேயின் கண்ணில் ஒரு பயணி கிடையாது. சம்பந்தமில்லாத இரண்டு பயணிகள். ஒருவர் முதல் ரயிலில் வந்து இறங்கிவிட்டார். இன்னொருவர் இரண்டாவது ரயிலுக்கு வரவே இல்லை. அவ்ளோதான்.

அந்தக் கணக்கு என்ன?

ஓர் உதாரணம் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக எடுத்துக்கொண்டவை.

தாமதமாக வரும் ரயிலில் 30 பேர் மாற வேண்டும். நிற்கும் ரயிலில் ஏற்கெனவே 1,200 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 30 பேரும் ஏற வேண்டுமானால் ரயில் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தால் வீணாகும் நேரம் 1,200 பேருக்குத் தலா 10 நிமிடம். மொத்தம் 12,000 நிமிடம்.

காத்திருக்காமல் போனால்? அடுத்த ரயில் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது என்றால், 30 பேருக்குத் தலா 60 நிமிடம்; மொத்தம் 1,800 நிமிடம்தான். இந்தக் கணக்கில், ரயில் கிளம்பிப் போவதே சரி.

அதே 30 பேருக்கு அடுத்த ரயில் மறுநாள்தான் என்றால் கணக்கு தலைகீழ். தலா 1,440 நிமிடம். மொத்தம் 43,200 நிமிடம். இப்போது 10 நிமிடம் காத்திருப்பது மிகச் சிறிய விலை.

எந்த இடத்தில் கணக்கு திரும்புகிறது? 12,000-ஐ 30-ஆல் வகுத்தால் 400 நிமிடம். அதாவது 6 மணி 40 நிமிடம். அடுத்த ரயில் அதற்குள் இருந்தால் போகலாம். அதைத் தாண்டினால் நிற்கலாம். ஆக, முதல் ரயில் எவ்வளவு தாமதம் என்பதைவிட, அடுத்த ரயில் எப்போது என்பதுதான் முக்கியமான கேள்வி.

இதனால்தான் சென்னை கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலையோ, மெட்ரோவையோ நிறுத்தி வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஒன்று போனால் சற்று நேரத்தில் இன்னொன்று வரும். நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு என ஓடும் ரயில்களில்தான் இணைப்பு என்பது வாழ்வா சாவா பிரச்சினை ஆகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லா நிமிடங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. இரவு ரயிலில் பெர்த்தில் தூங்குபவருக்குப் பத்து நிமிடத் தாமதம் தெரியவே தெரியாது. கடைசி நிலையத்தை நெருங்கும் பகுதியில் பெரும்பாலான நீண்டதூர ரயில்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால், விடிவதற்குள் அந்தப் பத்து நிமிடம் சரியாகிவிடவும் வாய்ப்பு உண்டு. ஆனால் கைக்குழந்தையுடன் நள்ளிரவில் நடைமேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கனக்கும். கூட்டல் கணக்கு மட்டும் இதைக் காட்டாது.

10 நிமிடம் எப்படி 40 நிமிடம் ஆகிறது?

‘சரி, நைட் ரயில்தானே, நிறுத்திட்டுப் போங்களேன்’ என்று சொல்லத் தோன்றும். அதில்தான் அடுத்த சிக்கல்.

ரயில் சாலையில் போகும் பஸ் மாதிரி கிடையாது. ஒவ்வொரு ரயிலுக்கும் தண்டவாளத்தில் ஒரு நேர இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தவறவிட்டால், பின்னால் வர வேண்டிய பாசஞ்சர் ரயிலோ சரக்கு ரயிலோ முன்னால் போய்விடும். வழியில் முந்த வேண்டுமென்றால், லூப் லைன் உள்ள நிலையம் வரை அதன் பின்னாலேயே மெதுவாகப் போக வேண்டும். ஒற்றைப் பாதை என்றால் இன்னும் மோசம். எதிரில் வரும் ரயிலுடன் எந்த நிலையத்தில் கிராஸிங் என்பதே மாறிவிடும்; எதிரில் வருபவர்களும் தாமதமாவார்கள்.

நடைமேடைப் பிரச்சினையும் இருக்கிறது. ஒரு ரயில் நடைமேடையைக் காலி செய்யாவிட்டால், அங்கே வர வேண்டிய அடுத்த ரயில் அவுட்டரில் நிற்கும். அந்த ரயிலிலும் இணைப்பைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். இவர்களுக்காக அவர்கள் தவறவிட்டது போல ஆகிவிடும். ரயில் ஊழியர்களின் பணி நேர வரம்பும் இதில் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் புதிருக்கு ஆய்வுலகில் தனிப் பெயரே உண்டு: தாமத மேலாண்மை. எந்த ரயிலை நிறுத்துவது, எதை அனுப்புவது என்பதைக் கணித மாதிரியாக எழுதும் வழியை ஜெர்மானியக் கணிதவியலாளர் அனிதா ஷோபெல் 2001-ல் வெளியிட்டார். அதன்பின் நடந்த ஆய்வுகள், ரயில்களின் எண்ணிக்கை கூடக் கூட, கணினிக்கே தலைசுற்றும் வகைக் கணக்கு இது என்று காட்டின. கன்ட்ரோல் அறையில் இருப்பவர் அதை ஓரிரு நிமிடங்களில், அனுபவத்தை வைத்து முடிவு செய்கிறார்.

மேட்டுப்பாளையம்: மாறியே தீர வேண்டிய இடம்

சில இடங்களில் இணைப்பு என்பது பயணியின் விருப்பம் சார்ந்தது கிடையாது. பாதையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. நம் ஊரில் எளிய உதாரணம் மேட்டுப்பாளையம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஓடுவது அகலப் பாதையில். ஊட்டி மலை ரயில் ஓடுவது ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையில், பல்சக்கரத்தின் துணையோடு. ஒன்றின் பெட்டி இன்னொன்றில் ஓடாது. எல்லோரும் இறங்கி ஏற வேண்டும்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6 மணியைத் தாண்டி மேட்டுப்பாளையம் வந்து சேரும். மலை ரயில் 7.10-க்குக் கிளம்பும். அட்டவணையே ஒன்றுக்காக ஒன்று என்ற நினைப்பில் போடப்பட்டிருக்கிறது. மலை ரயிலை விட்டால் அன்றைக்கு மேலே போக பஸ்தான், கார்தான். இப்படிப்பட்ட இடங்களில், பயணிகளில் கணிசமானோர் வரும் ரயிலுக்காகக் காத்திருக்காமல் கிளம்புவதில் அர்த்தமே இல்லை. பத்து நிமிடக் கணக்கில் நிற்பவரும் ஏறுபவரும் வேறு வேறு கூட்டம். இங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கூட்டம்.

காத்திருக்கத் தேவையில்லாத அட்டவணை

இணைப்பு ரயில் என்றாலே உலகம் சுட்டிக்காட்டும் நாடு ஸ்விட்சர்லாந்து. அங்கே 1982-லிருந்தே நாடு முழுக்க, மணிக்கு ஒரு ரயில், ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் என்ற முறை இருக்கிறது. 10.02-க்கு ஒரு ரயில் என்றால் 11.02, 12.02 என்று நாள் முழுக்க அதேதான்.

1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ‘ரயில் 2000’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் அடிப்படை யோசனை எளிது. முக்கியச் சந்திப்புகளுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் ரயில்கள் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும். பயணிகள் மாற வேண்டும். மணி அடித்த சற்று நேரத்தில் எல்லாத் திசைகளுக்கும் ரயில்கள் கிளம்ப வேண்டும். இது நடக்க, இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

பெர்ன் - சூரிச் பயணம் அப்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அதற்காகவே சுமார் 45 கிலோமீட்டருக்குப் புதிய பாதை போட்டு, 2004 டிசம்பரில் பயணத்தை 56 நிமிடமாக்கினார்கள். இன்னும் வேகமாகப் போகவும் முடிந்திருக்கும். ஆனால் சீக்கிரம் போய் நடைமேடையில் சும்மா நின்று என்ன பயன்? இணைப்புக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ, அவ்வளவு வேகம் போதும் என்பதே அவர்கள் முடிவு.

அதனால் ஸ்விஸ் ரயில்கள் வரம்பில்லாமல் காத்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சில நிமிடங்கள்தான். அதற்குமேல் கிளம்பிவிடும். ஏனென்றால் அடுத்தது அரை மணியிலோ ஒரு மணியிலோ வரும் என்பது உறுதி. அந்த ஒழுங்கைக் காக்க அவர்கள் கறாராகவும் இருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து தாமதமாக வரும் ரயில் எல்லை நகரமான பாசலிலேயே நிறுத்தப்படுவது உண்டு. அங்கிருந்து ஸ்விஸ் ரயில் ஒன்று, நேரத்துக்கு மேற்கொண்டு போகும். ஒரு ரயிலின் தாமதம் நாட்டுக்குள் பரவாமல் எல்லையிலேயே தடுத்துவிடுகிறார்கள்.

அளவுகோலும் வித்தியாசமானது. ஸ்விஸ் ரயில்வே ரயில்களின் தாமதத்தை மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை பயணிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை இணைப்புகள் பிடிக்கப்பட்டன என்பதையும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. இந்தியாவில் நேரந்தவறாமை என்பது பெரும்பாலும் ஒரு ரயில் அதன் கடைசி நிலையத்துக்கு எப்போது வந்தது என்பதை வைத்தே பேசப்படுகிறது. வழியில் ஜங்ஷனில் இணைப்பைத் தவறவிட்டவர் அந்தக் கணக்கில் எங்கேயும் வர மாட்டார்.

ஜெர்மனியும் பிரிட்டனும் சொல்லும் பாடம்

ஜெர்மனியிலும் இணைப்புக்கு எந்த ரயில் எவ்வளவு நிமிடம் காத்திருக்கலாம் என்பதற்கு விதிமுறைகள் உண்டு. ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது. 2024-ல் அங்கே நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு ஓடின. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை ‘நேரத்துக்கு’ என்று எடுத்துக்கொண்ட பிறகு. எல்லா ரயிலும் தாமதம் என்றால், எது எதற்காகக் காத்திருப்பது? எல்லோரும் எல்லோருக்காகவும் நின்றால் யாரும் போய்ச் சேர முடியாது.

பிரிட்டனில் வேறு கதை. 1990-களில் ரயில் சேவைகள் தனியார் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மூன்று நிமிடமோ அதற்கு மேலோ ரயில் தாமதமானால், அது யாருடைய தவறு என்று குறிக்கப்படும். தாமத நிமிடங்களுக்கு நிறுவனங்களுக்கும் பாதையை நிர்வகிக்கும் அமைப்புக்கும் இடையே பணம் கைமாறும். இப்படியிருக்க, வேறொரு நிறுவனத்தின் தாமத ரயிலுக்காகத் தன் ரயிலை யார் நிறுத்துவார்கள்? காத்திருந்தால் தாமதம் தன் கணக்கில் ஏறும். காத்திருக்காமல் போனால் பயணியின் கணக்கில் ஏறும். எது லாபம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அதே பிரிட்டனில் ஒரு நல்ல விதியும் உண்டு. தாமதத்தால் கடைசி ரயிலைத் தவறவிட்டு இரவில் ஒருவர் நடுவழியில் சிக்கிக்கொண்டால், உதவும் நிலையில் இருக்கும் ரயில் நிறுவனம் அவரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அல்லது தங்க இடம் தர வேண்டும் என்கிறது பயண நிபந்தனை. ரயில் நிற்காவிட்டாலும் பொறுப்பு நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. 2023 ஜூன் 7 முதல் அமலில் உள்ள விதிமுறைப்படி, ஒரு ரயில் நிறுவனத்திடம் ஒரே பரிவர்த்தனையில் வாங்கிய இணைப்பு டிக்கெட்டுகள் ஒரே பயணமாகக் கருதப்படும். கடைசி ஊருக்குப் போய்ச் சேரும் தாமதம் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம் இழப்பீடு. கடும் இயற்கைச் சீற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மாற்று வழி என்ன என்பதை 100 நிமிடத்துக்குள் நிறுவனம் சொல்லாவிட்டால், பயணியே வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விட்டுச் செலவைத் திரும்பக் கேட்கலாம்.

ஒரே டிக்கெட்: போட் மெயில் காலத்து யோசனை

ஒரே டிக்கெட், ஒரே பொறுப்பு என்பது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய யோசனை கிடையாது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், கடலைத் தாண்டி தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட் கிடைத்தது. ரயிலுக்கும் கப்பலுக்கும் இடையில் பயணி அம்போவென்று நிற்க முடியாது. ஏனென்றால் அவருடைய பயணம் கொழும்பில்தான் முடியும் என்று டிக்கெட்டே சொல்லியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த வழியும் முடிந்துபோனது.

அன்று டிக்கெட் பயணத்தைக் குறித்தது. இன்று பெரும்பாலும் ஒரு ரயிலில் ஒரு சீட்டைக் குறிக்கிறது.

இந்தியாவில் இப்போது என்ன இருக்கிறது?

இந்த இடைவெளியை ஓரளவு அடைக்க, 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பிஎன்ஆர்களை இணைக்கும் வசதியை இந்திய ரயில்வே கொண்டுவந்தது. முதல் ரயில் தாமதமாகி, அதனால் இரண்டாவது ரயிலைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் ரத்துக் கட்டணப் பிடித்தம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும்.

இதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பயணம் முடியும் நிலையத்தில் இரண்டாவது பயணம் தொடங்க வேண்டும் என்பது அடிப்படை. கவுன்ட்டர் டிக்கெட் என்றால், முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இ-டிக்கெட் என்றால், அதே 3 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் டிடிஆர் பதிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியது, இந்த வசதி பணத்தை மட்டுமே திருப்பித் தருகிறது. அடுத்த ரயிலில் இடம் தருவதில்லை. தங்க இடம் தருவதில்லை. இணைப்பு ரயிலை நிறுத்தி வைக்கும் உறுதியும் தருவதில்லை. பண்டிகை நேரத்தில் திரும்பக் கிடைக்கும் சில நூறு ரூபாயை வைத்துக்கொண்டு தட்கலிலும் டிக்கெட் கிடைக்காமல் நிற்பவருக்கு இது பாதி ஆறுதல்தான்.

தாமதத்துக்கு இழப்பீடு என்ற யோசனையும் ஒருமுறை எட்டிப்பார்த்தது. 2019 அக்டோபரில் தொடங்கிய லக்னோ - டெல்லி தேஜஸ் எக்ஸ்பிரஸை நடத்திய ஐஆர்சிடிசி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 250 ரூபாய் என அறிவித்தது. ரயில்வே நேரடியாக நடத்தும் ரயில்களுக்கு அது வரவில்லை. டிக்கெட் எடுக்கும்போது சில பைசாவுக்குச் சேர்க்கப்படும் பயணக் காப்பீடும் விபத்துக்கானது. தவறவிட்ட ரயிலுக்கு உதவாது.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

2016 ஜூனில் ஒரு குடும்பம் அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸில் பயணம் செய்தது. காலை 8.10-க்கு ஜம்மு சேர வேண்டிய ரயில், பகல் 12 மணிக்குத்தான் வந்தது. அவர்கள் பிடிக்க வேண்டிய ஸ்ரீநகர் விமானம் கிளம்பும் நேரமும் அதே 12 மணி. விமானம் போச்சு, டாக்ஸி பிடித்து ஸ்ரீநகர் போனார்கள்.

அல்வர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தாமதத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்று தன் கட்டண விதிகளைக் காட்டி ரயில்வே வாதிட்டது. 2021 செப்டம்பர் 6-ல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால்தான் தாமதம் என்று ரயில்வே விளக்கி நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்றது. டாக்ஸிச் செலவு 15,000 ரூபாய், முன்பதிவு இழப்பு 10,000 ரூபாய் உள்ளிட்ட தொகை உறுதி செய்யப்பட்டது.

தாமதமான ஒவ்வொரு பயணிக்கும் தானாகப் பணம் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஐந்து வருடம் வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்? ஆனால் காரணம் சொல்ல வேண்டியது ரயில்வேயின் கடமை என்பது தெளிவாகிவிட்டது.

பயணிகள் என்ன செய்யலாம்?

* டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு பிஎன்ஆரையும் இணைத்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தவறவிட்ட ரயிலின் கட்டணம் போனது போனதுதான். சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுவதுபோல நிலையம் மாறும் பயணம் என்றால், இணைப்பு பதிவாகிறதா என்பதை முன்பதிவின்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும்.
* இடைவெளியை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த ரயில் கடந்த சில வாரங்களில் எப்போது வந்து சேர்ந்தது என்று ரயில் நிலவரச் செயலிகளில் பார்த்து முடிவு செய்வது நல்லது.
* இரண்டாவது ரயில் அன்றைய கடைசி ரயிலாக இருந்தால், அதற்கு முந்தைய ரயிலை இலக்காக வைப்பது பாதுகாப்பு. மேலே பார்த்த கணக்குப்படி, அதிக விலை கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.
* தாமதம் என்று தெரிந்தவுடன் டிடிஇ-யிடம் சொல்ல வேண்டும். 139 எண்ணிலோ ‘ரயில் மதாத்’ செயலியிலோ இரண்டு பிஎன்ஆரையும், மாற வேண்டியவர்களின் எண்ணிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். ஒரே பெட்டியில் அதே ரயிலுக்கு மாறுபவர்கள் பத்துப் பேர் இருந்தால், சேர்ந்து சொல்வது பலன் தரும். கன்ட்ரோலருக்குத் தேவைப்படுவது எண்ணிக்கைதான்.
* ரயிலைத் தவறவிட்டால் முதலில் கவனிக்க வேண்டியது அந்த 3 மணி நேரக் கெடு. கோபம், வாக்குவாதம் எல்லாம் டிடிஆர் போட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.
* விமானம், தேர்வு, நேர்காணல் போன்றவை இருந்தால் ரசீதுகள், ரயில் வந்த நேரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

யாரை எண்ணுவது?

எல்லா இணைப்பு ரயிலையும் நிறுத்தி வைக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. 30 பேருக்குக் காட்டும் இரக்கம், வழியில் இருக்கும் பல நூறு பேரின் தலையில் விழும். ஆனால் ‘நிறுத்த முடியாது’ என்பதோடு ரயில்வேயின் வேலை முடிந்துவிடவும் கூடாது.

பிஎன்ஆர்கள் இணைக்கப்பட்டிருந்தால், எந்த ரயிலிலிருந்து எந்த ரயிலுக்கு எத்தனை பேர் மாறுகிறார்கள் என்ற தகவல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. ஒரு ரயில் எவ்வளவு தாமதம் என்பதும் நிமிடத்துக்கு நிமிடம் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து கன்ட்ரோலரின் திரையில் காட்டினால், அமைச்சருக்குப் பதிவு போடாமலேயே முடிவெடுக்க முடியும். நிற்க முடியாத இடத்தில், அடுத்த ரயிலில் ஓர் இருக்கையை ஒதுக்கி, குறுஞ்செய்தி அனுப்ப முடியும். நள்ளிரவில் இறங்கியவருக்கு ஓய்வறைக் கதவைத் திறந்துவிட முடியும்.

ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று எண்ணும் வரை, நடைமேடையில் விடுபட்டவர் யாருடைய கணக்கிலும் வர மாட்டார். அவர் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார் என்று எண்ணத் தொடங்கினால், எந்த ரயில் நிற்க வேண்டும், எது கிளம்ப வேண்டும் என்பதற்கான பதிலும் மாறத் தொடங்கும்.